காலி என்று ஒரு வார்த்தை

குகட்பள்ளிக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலையில், மாடி வீட்டுப் பத்மா படிக்கட்டில் நின்றுகொண்டு என் கணவரைப் பற்றி விசாரித்தாள். “அன்னகாரு காலியேனா?” என்றாள். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பிழிந்த சட்டை கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு ஆளைக் காலி என்று சொன்னால், அடுத்து மாலை வாங்கப் போக வேண்டியதுதான். சிரித்த முகத்தோடு ஒருத்தி வந்து, உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கிறாளே, இது என்ன ஊர் என்று எனக்குப் பதறியது. தெரிந்த தெலுங்கைக் கூட்டிப் பிடித்து, “லோபல பாகுன்னாரு” என்றேன். உள்ளே நல்லாத்தான் இருக்கிறார் என்று அர்த்தம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது, புதிதாக வந்து இறங்கிய பீரோவை ஒரு கை பிடிக்க ஆள். அண்ணன் சும்மா இருக்கிறாரா, ஓய்வாக இருக்கிறாரா என்பதைத்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். தெலுங்கில் காலி என்றால் அவ்வளவுதான். சாயங்காலம் இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அவ சரியாத்தான் கேட்டிருக்கா” என்றார்.

இருபது வருஷமாக ஹைதராபாத்தில் இருந்தவளுக்கு இந்த ஒரு வார்த்தை தெரியாதா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நான் கல்யாணமாகி வந்தது ஹைதராபாத்துக்கு இல்லை, கம்பெனிக்கு. நாச்சாரத்தைத் தாண்டி மத்திய அரசின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அதன் மதிலுக்குள் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கடை எல்லாம் இருந்தன. சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சாப்பிட்டோம். எங்கள் லைனில் எட்டு வீடு தமிழ்; மற்ற வீடுகளில் மலையாளம், ஒரியா, வங்காளம் என்று ஆளுக்கொரு பாஷை. தெலுங்கு எனக்குத் தேவைப்பட்டது காய்கறிக்காரியிடம் மட்டும், அதுவும் எண்கள் மட்டும். என் கணவர் தங்கராஜ் அப்படி இல்லை. டூல் ரூமில் இரும்பு அச்சு செய்கிறவர். அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் எல்லாரும் தெலுங்குக்காரர்கள். வேலை சொல்வது, திட்டுவது, கேலி செய்வது எல்லாம் தெலுங்கில்தான். அவருடைய தெலுங்கு என்னுடையதைப் போல நூறு மடங்கு இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆகவே என்னைக் கேட்டால், நான் இரண்டு தடவை புலம்பெயர்ந்தவள். முதல் தடவை ரயிலில் வந்தேன், ஒன்றும் வலிக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு மினி லாரியில், ஒரே ஊருக்குள், நாச்சாரத்திலிருந்து குகட்பள்ளிக்கு வந்தேன். அதுதான் அந்நிய தேசம். இங்கே ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே எந்த இன்ஷூரன்ஸ் என்று கேட்டார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. உடம்புக்கு முடியாவிட்டால் போகிற இடம்தானே ஆஸ்பத்திரி, அதற்கு எதற்கு அட்டை என்று என் கணவர் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் உண்மையாகவே கேட்டார். அவள் வயதில் சின்னவள். கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லாததால் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எங்களை அந்த மதிலுக்குள்ளிருந்து அனுப்பிய விதத்தைச் சொல்கிறேன். யாரும் யாரையும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. அரசாங்கத்துக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம். முதலில் ஆர்டர் குறைந்தது, பிறகு சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப் போனது, பிறகு கேன்டீனில் சாம்பாரில் பருப்பு போனது. எல்லாரும் வாடி வதங்கிய பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது: விருப்ப ஓய்வுத் திட்டம். விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்று அதில் இல்லை. இல்லாததைத்தான் எல்லாரும் வாசித்தார்கள். வீட்டுக்குள் பட்டினி போட்டுவிட்டு, வாசலில் நின்று, தானாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிற பெற்றவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். சீதனமாக வந்த மிஷின் குவார்ட்டர்ஸ் வீட்டில் இருந்தது. லைனில் இருந்த ஆண்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். சுற்றறிக்கையோடு கொடுத்த மாதிரிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான், எனக்கு விருப்ப ஓய்வு தாருங்கள் என்று. அதைப் பார்க்கவே எனக்கு அவமானமாக இருந்தது. இருபது வருஷம் உழைத்தவன் போகும்போது பிச்சை கேட்பது போலவா போவான் என்று ரோஷம் வந்தது. ஆங்கிலம் தெரிந்த தமிழச்சிக்கு ரோஷம் வந்தால் என்ன ஆகும், கடிதம் நீளும். நானே ஒரு வாக்கியம் சேர்த்தேன். ‘எவ்விதக் கட்டாயமும் இன்றி, மேலான வாய்ப்புகளை நாடி, என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று வருகிற ஆங்கில வாக்கியம். என் கணவர் அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. மேனேஜர் எழுதுன மாதிரி இருக்கு” என்றார். பக்கத்து வீட்டு ஒரியாக்காரர் தனக்கும் அதே வரி வேண்டும் என்றார். அந்த வாரம் முழுவதும் அதே வாக்கியத்தை வீடு வீடாக அடித்துக் கொடுத்தேன். இவ்வளவு அழகாக யாரும் தங்கள் கழுத்தில் தாங்களே கயிறு போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு அரசாங்கம் மறுபயிற்சியும் கொடுத்தது. கேன்டீன் ஹாலில் மூன்று நாள். முதல் நாள் காளான் வளர்ப்பு, இரண்டாம் நாள் மெழுகுவர்த்தி, மூன்றாம் நாள் பேகம்பேட்டிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்து ஆளுமை வளர்ச்சி என்று ஒன்றை நடத்தினான். ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் பலம் என்ன, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றானாம். என் கணவர் எழுந்து, “அஞ்சு மைக்ரான்” என்றிருக்கிறார். ஒரு தலைமுடியைப் பத்து, பதினைந்தாக வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுக்கு மேல் பிசகாமல் இவர் இரும்பைத் தேய்த்துக் கொடுப்பார். அந்தப் பையன் அது ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்து, அங்கே எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டிருக்கிறான். இவர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் காளான் வளர்ப்பில் தேர்ச்சி பெற்ற டூல் மேக்கர் ஒருவர் இருக்கிறார்.

குகட்பள்ளியில் எங்கே திரும்பினாலும் காலிதான். வீட்டு வாசலில் அட்டை தொங்கும், இல்லு காலி. பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் காலி என்று கத்துவார். தெலுங்குப் பேப்பரில் வேலை விளம்பரத்துக்குத் தலைப்பே உத்யோக காலீலு. அங்கே வேலைகள் காலியாக இருந்தன, இங்கே ஆள் காலியாக இருந்தார், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. மாதாபூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. நகரமே ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று பறந்தது. ஆனால் வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். என் கணவர் பழைய பழக்கத்தில் நாச்சாரத்துக்கே பஸ் ஏறிப் போய், சின்னச் சின்ன ஷெட்டுகளில் சில வருஷம் அச்சு வேலை செய்தார். ஒரு ஷெட்டில் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. ஒரு ஷெட் அபார்ட்மென்ட் ஆனது. கடைசி ஷெட்டின் முதலாளி ஒரு நாள் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “கைக்கு ஃபிக்கர் மியா, அல்லா ஹை” என்று, எதற்குக் கவலை, அல்லா இருக்கிறார் என்று, இவருக்கு ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அத்தோடு முடிந்தது. அதன் பிறகு பத்மா வாரத்துக்கு மூன்று தடவையாவது காலியேனா என்று கேட்பாள், இவரும் போய் அவள் மிக்ஸியையோ குழாயையோ சரி பண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். ஆனால் ஒரு தடவைகூட வாய் திறந்து காலி என்று சொன்னதில்லை. “வஸ்தா” என்பார். வருகிறேன் என்று அர்த்தம்.

எங்கள் மகள் ஜெஸ்ஸிக்கு அப்போதுதான் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ். நகரமே எதற்காக அலைகிறதோ அந்தப் படிப்பு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை என்று சான்றிதழ் இருந்தால் கல்லூரிக் கட்டணத்தை மாநில அரசே கட்டிவிடும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. அது இல்லாமல் அவளைப் படிக்கவைக்க எங்களால் முடியாது. நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸ் மாதிரி இங்கே மண்டல ஆபீஸ், அங்கே மூன்று பேரும் போனோம். அன்று கடைசி நாள். ஜெஸ்ஸியின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் மத்திய அரசு நிறுவன ஊழியர் என்று இருந்தது. அப்படியானால் வேலையை விட்டதற்கு என்ன ஆதாரம் என்றார் கிளார்க். பணிவிடுவிப்பு ஆணையைக் கொடுத்தேன். அதன் பின்னால் அந்தக் கடிதத்தின் நகலைக் குத்தியிருந்தார்கள்.

கிளார்க் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். நிதானமாக, விரலை வைத்து, என் வாக்கியத்தை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஸ்வச்சந்தங்கா” என்றார். தன் விருப்பப்படி. “மேலான வாய்ப்பு வந்ததால் விட்டுவிட்டேன் என்று சாரே எழுதியிருக்கிறாரே அம்மா. அப்படியானால் இப்போது நல்ல வேலையில் இருப்பாரே” என்றார். வேலை போனவனுக்குத்தான் அரசாங்கத்தில் இரக்கம் உண்டு, வேலையை விட்டவனுக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது வெறும் பேச்சுக்கு எழுதியது, டைப் அடித்தவள் நான்தான், சத்தியமாக ஒன்றும் இல்லை சார் என்று மூன்று பாஷையையும் கலந்து கெஞ்சினேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரே அம்மா, நான் எழுதிவிடுகிறேன். அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்று இவர் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்.

“சார், இப்புடு காலியேனா?”

என் கணவர் நிமிர்ந்து நின்றார். “காலி காது” என்றார்.

காது என்றால் தெலுங்கில் இல்லை என்று அர்த்தம். கிளார்க் குழம்பிப்போய், “மரி ஏம் சேஸ்துன்னாரு?” என்றார். அப்படியானால் என்ன செய்கிறீர்கள். “டூல் மேக்கர்” என்றார் இவர். கிளார்க் காகிதங்களை அடுக்கி, நுனி தட்டிச் சேர்த்து, என் கையில் கொடுத்தார். “அப்படியானால் சம்பளச் சீட்டு கொண்டு வாங்கம்மா” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் இவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, அத்தான், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க, பிள்ள படிப்பு அத்தான் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஜெஸ்ஸியும் மட்டும் மறுபடி உள்ளே போனோம். தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்தும்வரை அவர் அந்த மரத்தடியை விட்டு வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஜெஸ்ஸி அழவில்லை. அவள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். “டாடி, காலி அண்டே காலியே கதா. தப்பேமுந்தி?” என்றாள். காலி என்றால் காலிதானே, அதில் என்ன தப்பு. நான் எனக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அந்த நெருக்கடியில், கூட்டத்தில், அவருடைய காதில் அந்த வார்த்தை நம்ம ஊர் வார்த்தையாக விழுந்திருக்கும், நீ முடிந்துபோன ஆளா என்று கேட்டதாக நினைத்துச் சட்டென்று இல்லை என்றிருப்பார், பாவம். நானே அதே வார்த்தையில் ஏமாந்தவள்தானே. அவருடைய தெலுங்கு எனக்குத் தெரிந்திருந்தும் அப்படி நம்பினேன். அவர் என் வாக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை, நான் அவர் வார்த்தையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் அப்படி ஒருவரையொருவர் மன்னித்ததாகப் பாவனை செய்துகொண்டு வருஷக்கணக்கில் வாழ முடியும்.

ஜெஸ்ஸி அந்தச் சீட்டை விட்டாள். அதே வருஷம் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள், தபாலில் பி.காம். எழுதினாள். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடிக்கும், போவாள். யாரோ அமெரிக்காக்காரனின் பில்லில் உள்ள தப்புக்கு ஜெஸ்ஸிகா என்ற பெயரில் மன்னிப்புக் கேட்பாள். எங்கள் சாப்பாடு அதில்தான். இப்போது டீம் லீடர். குறை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவளோடு படித்து அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்த பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போட்டோ அனுப்பினால், அதை எங்களிடம் காட்டாமல் போனை மூடிவிடுவாள். மூடுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

இதெல்லாம் நடந்து ஆறேழு வருஷம் கழித்து, போன மாதம், கோவில்பட்டியிலிருந்து என் நாத்தனார் செல்வி போன் பண்ணினாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “அண்ணன் எப்படி மதினி இருக்காவ? என்ன செய்தாவ?” என்றாள். நான் கரண்டியைத் தேடிக்கொண்டே, “அவியளா, காலிதான்” என்றேன். அவர் பக்கத்து அறையில்தான் சும்மா உட்கார்ந்திருந்தார், அவரிடம் கொடுக்கலாம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. மறுமுனையில் செல்வி, “ஐயோ, என்னப் பெத்த அண்ணே” என்று வீறிட்டாள். அந்த வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்குப் புரியவே சில நொடி ஆனது. அவர் எழுந்து வந்து போனை வாங்கினார். “ஏட்டி செல்வி, நாந்தான் பேசுதேன். சாகல. உங்க மதினி தெலுங்குல சொல்லிட்டா” என்றார். அவள் அழுது, சிரித்து, என்னைத் திட்டி முடிக்கிறவரைக்கும் காதில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பல வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. “அன்னைக்கு அந்த ஆபீஸ்ல உங்களுக்கும் இப்படித்தான் கேட்டுச்சோ? நம்ம ஊர் காலின்னு நெனச்சுத்தான் இல்லைன்னு சொன்னீகளா?” என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதற்கு வழி பண்ணித்தான் கேட்டேன்.

“அந்த ஆளு என்ன கேட்டான்னு எனக்கு நல்லா வெளங்கிச்சு” என்றார். அடுப்பை அணைத்தார், குழம்பு அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. “ஜெஸ்ஸி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா, எஸ்தர். பிள்ள முன்னால நான் காலின்னு எப்படிச் சொல்வேன்?”

ஜெஸ்ஸிக்கு அந்த வார்த்தையில் ஒரு அவமானமும் இல்லை. அவளுடைய பாஷையில் அது பஸ்ஸில் உள்ள இடம், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாத ஒரு தமிழில் அவள் தகப்பன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார், அதற்கு அவளுடைய படிப்பு போனது. இதை அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தால், எந்தப் பாஷையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கருகின குழம்பை வேறு சட்டிக்கு மாற்றினேன்.

அப்போது மாடிப்படியிலிருந்து பத்மாவின் குரல் வந்தது. “அன்னகாரு, காலியேனா?”

வழக்கமாகச் சொல்கிற வஸ்தாவை இவர் சொல்லவில்லை. தமிழில், அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும், “இருக்கேம்மா” என்றார். ஸ்பேனர்ப் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.